பி.பி. ஏறிடுச்சு... ஆள் பிழைச்சாரா?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரைத் தாண்டி வந்த யாருக்கும் அந்தப் படம் கண்ணை மூடினாலும் தெரியும். இடது பக்கம் ஒரு செட் பாயிண்ட், அடுத்து கன்ட்ரோலர், அப்புறம் பிளான்ட். வெளியே வரும் அவுட்புட்டை ஒரு சென்சார் அளந்து, திரும்பக் கொண்டுவந்து ஆரம்பத்தில் கழிக்கும். வித்தியாசம் பூஜ்யமானால் வேலை முடிந்தது.

ஒரு ஐ.சி.யூ. படுக்கையைப் பார்த்தால் நமக்கு அப்படியே அந்தப் படம்தான் தெரியும். நோயாளி பிளான்ட். தலைமாட்டில் மானிட்டர், அது சென்சார். பக்கத்துக் கம்பியில் சிரிஞ்ச் பம்ப், அது ஆக்சுவேட்டர். டூட்டி டாக்டரும் சிஸ்டரும் கன்ட்ரோலர். பி.பி. குறைந்தால் மருந்தைக் கூட்டு, ஏறினால் குறை. "இதை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வெச்சே பண்ணிடலாமே மச்சான்" என்று நம்ம ஆளுங்க சொல்லாத புராஜெக்ட் ரிவ்யூவே கிடையாது. பண்ணலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கு. நாம் கட்டுப்படுத்துவது எந்த அவுட்புட்டை?

நமக்கு வேண்டிய அவுட்புட், அந்த மனுஷன் எழுந்து வீட்டுக்கு நடந்து போவது. அதற்குச் சென்சார் கிடையாது. மானிட்டரில் தெரிவதெல்லாம் அதற்குப் பதிலாக நாம் வைத்திருக்கும் எண்கள். பதில் எண்ணைச் சரிசெய்தால் அசலும் சரியாகும் என்று நம்பிக் கொடுத்த மருந்துகள், எண்ணைச் சரியாக்கிவிட்டு ஆளைக் கொன்ற கதைகள் அவசர சிகிச்சை வரலாற்றில் நிறைய உண்டு. அதில் சிலதைத்தான் பார்க்கப் போறோம்.

முதலில் பி.பி.யையே எடுத்துக்குவோம். ஐ.சி.யூ.வில் மேல் எண், கீழ் எண்ணை விட இரண்டுக்கும் நடுவில் கணக்கிடும் சராசரி அழுத்தத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். 120/80 என்றால் 93. 85/45 என்றால் 58. பொதுவாக 65-க்குக் கீழே போகவிடக் கூடாது என்பது கணக்கு.

இந்த அழுத்தம் எதனால் உண்டாகிறது? ஓம் விதிதான். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. இங்கே ரத்த அழுத்தம் = இதயம் தள்ளும் ரத்த ஓட்டம் × ரத்தக் குழாய்களின் தடை. உடலில் எங்கோ தொடங்கிய கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போனால் ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். தடை விழும், கூடவே அழுத்தமும் விழும். செப்டிக் ஷாக் என்பது இந்த நிலைதான். அப்போது கொடுக்கும் முதல் மருந்து நார்அட்ரினலின். குழாய்களை இறுக்கித் தடையைக் கூட்டும். அழுத்தம் ஏறும்.

இப்போ அந்தச் சமன்பாட்டை இன்னொரு தடவை பாருங்க. கிட்னிக்கும் மூளைக்கும் தேவை ஓட்டம். மானிட்டரில் தெரிவது அழுத்தம். தடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், ஓட்டம் குறையும்போதுகூட அழுத்தம் அழகாக 65-ஐத் தாண்டி நிற்கும். குழாயை நசுக்கினால் பம்ப் பக்கம் இருக்கும் கேஜ் ஏறும், தோட்டத்துக்குத் தண்ணி போகாது. அதனால்தான் நல்ல ஐ.சி.யூ. டாக்டர் மானிட்டரைப் பார்த்த கையோடு போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருக்கா? விரல் நுனியை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப எவ்வளவு நேரம் ஆகுது? மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருது? பழைய காலத்து வைத்தியம் மாதிரி தெரியலாம். ஆனால் அவர் தேடுவது மானிட்டர் காட்டாத அந்த ஓட்டத்தை.

"அப்போ 65-க்குப் பதில் 80 வெச்சா இன்னும் சேஃப் தானே?" என்று கேட்கத் தோணும். பிரான்ஸில் 776 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள், முடிவு 2014-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு இலக்கு 65-70, இன்னொன்றுக்கு 80-85. இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கூடுதல் மருந்து வாங்கிய பிரிவில் இதயத்தின் தாளம் கெட்டது மட்டும் அதிகம். ஏற்கெனவே பல வருஷமாக ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் உயர்ந்த இலக்கு கிட்னிக்குக் கொஞ்சம் உதவியது போல் தெரிந்தது. ஆக, செட் பாயிண்ட்கூட ஆளுக்கு ஆள் மாறுது.

நம்ம துறைக்காரங்களுக்கு இதில் இன்னொரு ருசியான சங்கதி இருக்கு, அந்த சிரிஞ்ச் பம்ப். நார்அட்ரினலின் ரத்தத்தில் பாதியாகக் கரைய இரண்டு மூன்று நிமிஷம்தான் ஆகும். அதனால் ஊசியாகப் போட்டுவிட்டுப் போக முடியாது, சொட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கணும். 4 மில்லிகிராம் மருந்தை 50 மில்லியில் கலந்தால், ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். பம்ப் மணிக்கு 5 மில்லி ஓடினால் மணிக்கு 400 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.11 மைக்ரோகிராம். இந்தக் கணக்கை நடுராத்திரி மூணு மணிக்கு, பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்க, ஒரு சிஸ்டர் போடணும். போதாக்குறைக்கு, மருந்தின் அளவைச் சில இடங்களில் உப்பின் எடையாகவும் சில இடங்களில் மூல மருந்தின் எடையாகவும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மடங்கு வித்தியாசம். யூனிட் எழுதாததுக்கு நம்ம சார் அரை மார்க் குறைச்சா நாம கோவிச்சுக்கிறோம்!

இப்போ டெட் டைம். பம்ப்புக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கும் ட்யூபில் ஒரு மில்லி இடம் இருக்கு என்று வையுங்கள். பம்ப் மணிக்கு 2 மில்லி வேகத்தில் ஓடினால், புதிதாகத் தொடங்கிய மருந்து உடம்பைத் தொடவே அரை மணி நேரம் ஆகும். அதுவரை பி.பி. அசையாது. பதறிப்போய் வேகத்தைக் கூட்டுவார்கள், இன்னும் கூட்டுவார்கள். அரை மணிக்கு முன்பே எல்லாம் சேர்ந்து உள்ளே போகும்போது அழுத்தம் எகிறும். பாடப் புத்தகத்தில் படித்த அதே ஓவர்ஷூட். இதன் மறுபக்கம் இன்னும் பயங்கரம். அதே ட்யூபில் வேறு யாராவது வேறொரு ஊசியைத் தள்ளினால், உள்ளே நின்றிருந்த அந்த ஒரு மில்லி, அதாவது 80 மைக்ரோகிராம், ஒரே நொடியில் இதயத்துக்குப் போய்விடும். அரை மணி நேரத்துக்கான மருந்து. அதனால்தான் நார்அட்ரினலினுக்குத் தனி வழி வைத்து, அதில் வேறெதையும் தள்ளக் கூடாது என்று லேபிள் ஒட்டுகிறார்கள். சிரிஞ்ச் தீர்ந்து அடுத்ததை மாற்றும் அந்த ஒரு நிமிஷத்துக்கு, அனுபவமுள்ள சிஸ்டர்கள் அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே நிரப்பித் தயாராக வைத்திருப்பார்கள். ஆட்டோமேட்டிக் பம்ப் டிசைன் பண்ணப் போறவங்க அந்த ஒரு நிமிஷத்தைப் பக்கத்தில் நின்னு பார்க்கணும் என்பது என் கருத்து.

நார்அட்ரினலினாவது எல்லை தெரிந்து பயன்படுத்தினால் நல்ல மருந்து. அதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்யும் என்று 1990-களில் ஒரு பொருளை எதிர்பார்த்தார்கள். 546சி88 என்று எண்ணாலேயே அழைத்தார்கள். குழாய்களைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டால்? காகிதத்தில் பிரமாதமான யோசனை. 797 பேரிடம் சோதித்தார்கள். பி.பி. ஏறியது, திட்டம் போட்டபடியே. ஆனால் 28-வது நாளில் கணக்குப் பார்த்தபோது வெறும் கரைசல் வாங்கியவர்களில் 49 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மருந்து வாங்கியவர்களில் 59 சதவீதம். சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தது, 1980-களில் அமெரிக்காவில் நடந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் ஈ.சி.ஜி.யில் நடுநடுவே தப்புத் துடிப்புகள் தெரியும். அவை அதிகம் உள்ளவர்கள் பிற்பாடு திடீரென்று இறப்பதும் அதிகம். என்கெயினைடு, ஃப்ளெக்கெயினைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளைச் சுத்தமாக அடக்கிவிடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் விடை சொல்லத் தேவையே இல்லை, இல்லையா? பல டாக்டர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். மருந்து பரவலாகவே புழங்கியது.

அதை உறுதிசெய்யத்தான் காஸ்ட் என்ற சோதனை தொடங்கியது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. முதலில் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, யாருக்குத் தப்புத் துடிப்பு நன்றாக அடங்கியதோ அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது "இவருக்கு மருந்து வேலை செய்யுது" என்று ஈ.சி.ஜி. சான்றிதழ் கொடுத்தவர்கள். பிறகு அவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம். நிஜ மாத்திரை வாங்கிய 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை வாங்கிய 743 பேரில் 26 பேர். 1989-இல் அந்த மருந்துகளை நிறுத்தச் சொன்னார்கள்.

இதில் என்னை உலுக்குவது அந்த 63 இல்லை. சோதனை நடக்காமல் இருந்திருந்தால் அது யாருக்குமே தெரிந்திருக்காது என்பதுதான். ஒரு டாக்டர் தன் நோயாளி ஒருவர் இறந்தால் என்ன நினைப்பார்? மாரடைப்பு வந்த இதயம், மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை என்றுதான். ஈ.சி.ஜி.யோ முன்னை விட நன்றாகவே இருந்திருக்கும். பக்கத்தில் மருந்து வாங்காத இன்னொரு கூட்டம் இருந்து, இரண்டையும் எண்ணிப் பார்த்தால்தான் கொலைகாரன் யார் என்று தெரியும். படுக்கையோரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், அது தெரியாது.

சர்க்கரை விஷயத்திலும் இதேதான், சுருக்கமாகச் சொல்லிடறேன். 2001-இல் பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு, ஐ.சி.யூ. நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையை இன்சுலின் மூலம் சாதாரண ஆள் அளவுக்குக் கட்டி வைத்தால் இறப்பு குறைகிறது என்றது. உலகமே பின்பற்றக் கிளம்பியது. 2009-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில் நேர்மாறான விடை: இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 வரை விட்டுப் பிடித்தவர்களில் 24.9. மிக மோசமான தாழ்சர்க்கரை வந்தது இறுக்கிப் பிடித்ததில் 6.8 சதவீதம் பேருக்கு, மற்றதில் 0.5. மயக்கத்தில் இருப்பவர் "தலை சுத்துது, வேர்க்குது" என்று சொல்ல மாட்டார். விட்டு விட்டு அளக்கும் சென்சாரை வைத்துக்கொண்டு இறுக்கமான லூப் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதயம் நின்றே போனவர்களுக்குக் கொடுக்கும் அட்ரினலின் இன்னும் சிக்கலான வழக்கு. இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ்காரர்களே நடத்திய சோதனை, 8,000 பேர், 2018-இல் வெளிவந்தது. அட்ரினலின் கொடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு இதயம் திரும்ப ஓடியது. வெறும் உப்புக் கரைசல் கொடுத்தவர்களில் 12 சதவீதம். மூன்று மடங்கு! ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதமும் 2.4 சதவீதமும்தான். மூளை நல்லபடி வேலை செய்யும் நிலையில் வீடு திரும்பியவர்களை எண்ணினால் 2.2, 1.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், மறுபக்கம் 18.

மருந்து இதயத்தை எழுப்பிவிட்டது. அதற்குள் மூளை போய்விட்டது. இது வெற்றியா தோல்வியா என்று எந்த மானிட்டரும் சொல்லாது, குடும்பம்தான் சொல்லணும். உயிர் இருந்தாலே போதும் என்று ஒரு வீட்டில் சொல்வார்கள், இன்னொரு வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அட்ரினலின் இன்றும் கொடுக்கப்படுகிறது, கொடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரலை. ஆனால் அந்தச் சோதனையில் பிழைத்தவர்களை எண்ணிக்கையாக ஏற்றிய அதே மருந்தின் கணக்கில்தான் அந்த 31 சதவீதமும் வருது. பக்கத்தில் விழுந்த ஆளின் மார்பை உடனே அழுத்தத் தொடங்குவது இதைவிடப் பெரிய உதவி என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவு சொல்லியும் "தண்ணி ஏத்துறதுல என்ன ஆபத்து?" என்றுதான் நம்ம ஊரில் கேட்போம். கொஞ்சம் சோர்வா இருந்தாலே ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போடச் சொல்லும் மக்கள் நாம். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் சோதனை, 2011-இல் இந்த நம்பிக்கையின் மேல் கை வைத்தது. கடுங்காய்ச்சலோடு, கை கால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகள். பலருக்கு மலேரியா. அங்கே வென்டிலேட்டர் வசதி இல்லை. கிலோவுக்கு 20 மில்லி என்ற கணக்கில், பத்து கிலோக் குழந்தைக்கு 200 மில்லி, ஒரு மணி நேரத்தில் வேகமாக ஏற்றுவது பணக்கார நாடுகளின் வழிகாட்டி. ஒரு பிரிவுக்கு உப்புக் கரைசல், ஒரு பிரிவுக்கு ஆல்புமின் கரைசல், மூன்றாவது பிரிவுக்கு வேகமாக எதுவும் ஏற்றாமல் மெதுவான சொட்டு மட்டும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 43 சதவீதம் பேருக்கு ஷாக் அறிகுறிகள் மறைந்திருந்தன. ஏற்றாதவர்களில் 32 சதவீதம். டூட்டியில் இருந்த எந்த டாக்டரும் சந்தோஷப்பட்டிருப்பார். 48 மணி நேரத்தில் இறந்தவர்கள்: ஏற்றிய இரண்டு பிரிவுகளிலும் நூற்றுக்குப் பத்தரைக்கு மேல், ஏற்றாத பிரிவில் 7.3. சோதனையைக் கண்காணித்த குழு, திட்டமிட்ட எண்ணிக்கை முடியும் முன்பே நிறுத்தச் சொன்னது. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது நுரையீரலில் தண்ணி கோத்துக்கொண்டிருக்கும் என்று. ஆனால் பிறகு அலசிப் பார்த்ததில் கூடுதல் சாவுகள் பெரும்பாலும் ரத்த ஓட்டம் ஒடிந்து விழுந்ததால் வந்தவை. ஏன் என்பதில் இன்னும் விவாதம் ஓடுது.

ஒண்ணு அழுத்திச் சொல்லணும்: பேதியில் தண்ணி வற்றிப்போன குழந்தைகள் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்குத் தண்ணீர்தான் மருந்து. இதைப் படிச்சுட்டு யாரும் ஐ.சி.யூ. வாசலில் நின்று "எதுக்கு ட்ரிப்ஸ் போடுறீங்க" என்று டாக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எண்ணை மாற்றிக் கொல்லும் மருந்துகள் இருக்கிறதென்றால், எந்த எண்ணையும் மாற்றாமல் காப்பாற்றும் மருந்து இருக்குமா? இருக்கு. டிரானெக்சாமிக் ஆசிட். 1962-இல் ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்தது. காயத்தில் உறைந்த ரத்தத்தை உடம்பு தானே கரைத்துவிடாமல் தடுக்கும். விலை மலிவு. 40 நாடுகளில், விபத்தில் அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருந்த, அல்லது போகும் அபாயத்தில் இருந்த, 20,211 பேரிடம் சோதித்து 2010-இல் முடிவைச் சொன்னார்கள். ஒரு கிராம் பத்து நிமிஷத்தில், இன்னொரு கிராம் எட்டு மணி நேரத்தில். இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆனது. ஆச்சரியம் என்னவென்றால், ஏற்ற வேண்டியிருந்த ரத்தத்தின் அளவில்கூட இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மருந்து கொடுத்த டாக்டருக்குக் கண்ணால் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. இருபதாயிரம் பேரை எண்ணாமல் இருந்திருந்தால் "சும்மா, பிரயோஜனம் இல்லாத மருந்து" என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இந்த மருந்து பார்க்கும் எண் ஒன்றே ஒன்று, கடிகாரம். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது 7.7-லிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தது. ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் என்றாலும் குறைந்தது, கொஞ்சம் கம்மியாக. மூன்று மணி தாண்டிக் கொடுத்தால் 3.1-லிருந்து 4.4 ஆக ஏறியது. அதே மருந்து, அதே அளவு. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கில்லை, ரோட்டில் விழுந்த நேரத்திலிருந்து கணக்கு. அதை எந்தச் சென்சாரும் அளந்து வைத்திருக்காது. நாளைக்கு நீங்க யாரையாவது 108-இல் ஏற்றிக் கூடவே போனால், கேஷுவாலிட்டியில் "எப்போ அடிபட்டுச்சு?" என்று கேட்பார்கள். "இப்பதான், கொஞ்ச நேரம் முன்னாடி" என்று சொல்லாதீங்க. ஆளைத் தூக்கும்போதே போனில் மணி பார்த்து வெச்சுக்குங்க.